இரண்டு கதவுக் கார்

அவவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். எழுதத் தொடங்கினால் வயிறு எரிகிறது. எரியட்டும். எனக்கு அவவில் பொறாமை. முப்பது வருசப் பொறாமை, இனி ஒளித்து வைத்து என்ன காணப்போகிறேன்.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவ குழந்தைகள் டொக்டர், நான் அங்கேயே கந்தோரில் ஃபைல் எழுதுகிற கிளாக். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கென்று வந்து இங்கேயே வேர்விட்டுப் போனவர்கள். அவ என்னை ‘நீர்’ என்பா, நான் அவவை ‘டொக்டர்’ என்பேன். பென்சன் எடுத்த பிறகும் அது மாறவில்லை. பின்னேரங்களில் என் வீட்டுக்குத்தான் தேத்தண்ணி குடிக்க வருவா. வந்தால் என் தேத்தண்ணியிலும் பிழை பிடிப்பா. அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

அவவின் வாயில் எப்போதும் நிற்கிற வசனம் ஒன்றுதான்: “உது இல்லை.”

டவுனில் சேலைக் கடைக்குப் போனால் நாற்பது சேலை விரிக்க வைப்பா. கடைக்காரப் பொடியன் வேர்த்து விறுவிறுத்து, குடிக்கச் சோடாவும் எடுத்துக் கொடுத்து, கடைசியில் மேல்தட்டில் இருக்கிறதையும் ஏணி வைத்து இறக்குவான். அவ சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, “தம்பி, உது இல்லை. நான் தேடுறது உங்களிட்ட இல்லைப் போல. கரைச்சல் தந்திட்டன்” என்று சொல்லிவிட்டு எழும்பி நடப்பா. முகத்தில் ஒரு வெட்கம் இருக்காது. எனக்குத்தான் தோல் உரியும். அந்தப் பொடியனின் முகத்தைப் பார்க்க ஏலாமல் கைக்கு எட்டிய ஒரு சேலையை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். அப்படி அவவுக்காக வெட்கப்பட்டு நான் வாங்கின சேலை என் அலுமாரியில் ஏழெட்டுக் கிடக்கிறது. ஒன்றையும் எனக்குப் பிடிக்காது.

கலியாணமும் அப்படித்தான். அவ குவாட்டர்ஸில் இருந்த காலத்தில் ஒரு எஞ்சினியர் பகுதி பெண் பார்க்க வந்தது. நான்தான் வடை சுட்டுக் கொடுத்தேன். அவ வந்து இருந்தா, மாப்பிள்ளையோடு அரை மணித்தியாலம் நன்றாகக் கதைத்தா, பிறகு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்து, “குறை நினையாதேங்கோ, சரிவராது. வடை சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்றா. அந்த மனுசி கோபித்துக்கொண்டு போகவில்லை. இன்னொரு வடை எடுத்தது. பிற்காலத்தில் தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவவிடம்தான் கொண்டு வரும்.

எனக்கு வந்த முதல் சம்பந்தமே கடைசிச் சம்பந்தம். நல்ல மனுசன், குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக் கார் வெள்ளை நிறம். ஏன் வெள்ளை என்றால், விற்கும்போது வெள்ளைதான் விலை போகுமாம். மேசை, கதிரை, காணி எல்லாமே திரும்ப விற்றால் என்ன வரும் என்று யோசித்து வாங்கினதுதான். நாற்பது வருசமாக ஒன்றையும் விற்கவும் இல்லை.

இப்படி இருக்க, பெற்றோல் கியூ எல்லாம் ஓய்ந்து ஒரு வருசம் இருக்கும், ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அவ சொன்னா, “எனக்கொரு கார் வாங்கவேணும்.”

“இருக்கிற காருக்கு என்ன?” என்றேன். அவவிடம் ஒரு சின்னக் கார் நல்ல நிலையில் நின்றது.

“உது மார்க்கெட்டுக்குப் போற கார். தூரம் போறதுக்கெண்டே செய்த கார் ஒண்டு வேணும்.”

லைட் பில்லைத் திருப்பி அதன் முதுகில் கீறிக் காட்டினா. நீட்டு மூக்கு, இரண்டே இரண்டு கதவு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற கூரை. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்கு ஒரு பெட்டி வைக்கலாம். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமார் சிலர் வைத்திருந்த, ஒரு நாட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டு அடுத்த நாட்டில் இராச்சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கென்று செய்த வகை. வெளிநாட்டில் இருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிற்பாட்டியிருந்த நேரம் அது. நாலு சில்லு இருந்தாலே தங்க விலை. என் மனுசன் கேட்டுவிட்டு, “வயசு போய் அறளை பேந்திட்டுதோ இந்த மனுசிக்கு” என்றார். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் மனதுக்குள் அந்தப் படத்தின் இடது பக்க ஆசனத்தில் நான் ஏறி இருந்தாயிற்று.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கார் பார்க்கத்தான். மடவளையில் ஒரு புரோக்கர் பிடிபட்டார். வாய் நிறையச் சிரிப்பு, சட்டைப் பைக்குள் மூன்று போன். எந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் விற்கிறவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்து, “சேர் வரல்லியா?” என்று கேட்பார்.

“சேர் இல்லை. நான்தான் வாங்கிறது” என்பா அவ.

முதலில் புரோக்கர் காட்டின கார் சிவப்பு. “மேடம், இப்பிடிச் சாமான் இனி நாட்டுலயே இல்ல. போன மாசம்தான் பெயின்ட் அடிச்சது. எப்பிடி மினுங்குது பாருங்க” என்றார். அவ கைப்பையைத் திறந்து லேஞ்சித் துண்டில் சுற்றின ஒரு காந்தத்தை எடுத்தா. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். கதவில் வைத்தா, ஒட்டினது. கதவுக்குக் கீழே வைத்தா, தொப்பென்று விழுந்தது. சில்லுக்கு மேலே வைத்தா, அங்கேயும் விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடமெல்லாம் பட்டி வைத்துப் பூசி நிறம் அடித்திருந்தார்கள்.

“தம்பி, உது கார் இல்லை, மதில்” என்றா. புரோக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அலவத்துகொடவில் ஒரு கடைக்காரர் வீட்டில் ரம்புட்டான் மரத்துக்குக் கீழே இன்னொன்று நின்றது. நாங்கள் போனவுடன் அவர் திறப்பைப் போட, ஒரே தரத்தில் ஸ்டார்ட் ஆனது. நான் சந்தோசப்பட்டேன். அவ போனட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு என் காதுக்குள், “பிள்ளைக்குக் காய்ச்சல் குளிசை குடுத்திட்டு டொக்டரிட்டக் கொண்டுவந்து காட்டிற மாதிரி” என்றா. நாங்கள் வருமுன்னே சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அவ கடைக்காரரிடம் ஒரு கதிரை கேட்டு வாங்கி மரத்துக்குக் கீழே போட்டு இருந்துவிட்டா. “எஞ்சின் ஆறட்டும். எனக்கு அவசரம் இல்லை.” இரண்டு மணித்தியாலம் பேப்பர் படித்தா. ஆறின பிறகு அந்த எஞ்சின் இருமியது, துப்பியது, எழும்பவில்லை. “உது இல்லை,” என்று கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் வைத்தா. நான் அந்தக் கடைக்காரரிடம் வெட்கத்துக்கு இரண்டு கிலோ ரம்புட்டான் வாங்கினேன்.

எனக்கு அலுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். பயணத்துக்கென்று ஒரு நல்ல ஃபிளாஸ்க் வாங்கி வைத்தேன். எந்த வழியால் போவது, எங்கே நிற்பாட்டிச் சாப்பிடுவது என்று நினைத்துக்கொண்டே படுப்பேன். கூட வரச்சொல்லி அவ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விசயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகத் திகனவில் ஒரு ஹாஜியார் வீடு. பழைய வியாபாரி, சொந்தமாய் நாலு கடை வைத்திருந்து இப்போது மகன்மாரிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கிறவர். முழங்கால் கிளச்சை மிதிக்க விடுகிறதில்லையாம், அதனால்தான் விற்க யோசிக்கிறாராம்.

“வாங்க டொக்டரம்மா, வெயிலுக்குள்ள வந்தீக்கிறீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்.”

“முதல் கார், பிறகு தேத்தண்ணி, ஹாஜியார்.”

கொட்டிலுக்குள் மூன்று படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. அவர் ஒவ்வொன்றாக மடித்து எடுத்தார். சாம்பல் கலந்த நீலம். லைட் பில்லில் கீறின அதே நீட்டு மூக்கு. அவ போனட்டில் கை வைத்தா: குளிர்ந்து கிடந்தது. காந்தத்தோடு காரை முழுச் சுற்றுச் சுற்றினா. ஓரிடத்திலும் விழவில்லை. கால்மிதி விரிப்பைத் தூக்கி மணந்து பார்த்தா. காரின் பதிவுப் புத்தகத்தில் இருந்த நம்பரையும் எஞ்சினில் வெட்டியிருந்த நம்பரையும் கண்ணாடி போட்டு ஒத்துப் பார்த்தா. பிறகு ஹாஜியாரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கேற்றால் வெளியே போனா.

எனக்கு அதில் இடம் இல்லைத்தானே. ஹாஜியாரின் பெண்சாதி எனக்கு வட்டிலப்பம் தந்து பக்கத்தில் இருந்தா. நல்ல மனுசி. “எனக்கும் அந்தக் கார்ல எரிச்சல்தான்,” என்றா. “வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சா என்னைய உட்டுட்டு அதக் கொண்டுபோய் டேம் தண்ணியப் பாத்துட்டு வருவாரு. கேட்டா, எஞ்சினுக்குக் காத்துப் படணுமாம். எனக்குக் காத்துப் படத் தேவல்ல போல.”

நாற்பது நிமிசம். திரும்பி வந்து இறங்கியபோது அவவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அவ அதைக் கட்டவில்லை. கார்க் கூரையில் கையை வைத்துக்கொண்டு, “இதுதான்” என்றா.

முப்பது வருசத்தில் அவவின் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. என் வடைக்கும் சொன்னதில்லை, தேத்தண்ணிக்கும் சொன்னதில்லை.

ஹாஜியார் சொன்னார், “நாலு நாள் தாங்க டொக்டரம்மா. ஒத்தரு ரெட்டிப்பு விலைக்குக் கேட்டாரு. கலியாண ஊட்டுக்கு வாடகைக்கு உடப் போறாராம். குடுக்கல்ல. பொம்புளப் புள்ளயக் குடுக்கிற மாதிரித்தான் எனக்கு. நாலு இடத்துல விசாரிச்சுத்தான் குடுப்பன்.” அவவின் நம்பரை எழுதினார். அவ போன் எடுக்கிற பழக்கம் இல்லாதவ என்பதால் என் நம்பரையும் எழுதிக்கொண்டார்.

வரும் வழியில் அவவின் சின்னக் காரில் நான் கேட்டேன், “அப்ப டொக்டர், எப்ப வெளிக்கிடுவம்?”

“எங்க?”

“உந்தக் காரிலதான். தூரப் பயணம்.”

ஒரு வளைவை எடுத்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னா, “நான் தனியத்தான் போற யோசினை. உம்மை எங்க வேணுமெண்டாலும் கூட்டிக்கொண்டு போறன். உதில இல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. சேலைக் கடைப் பொடியனுக்குச் சொல்கிற அதே குரல். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நானும் மேல்தட்டில் இருந்து ஏணி வைத்து இறக்கிக் காட்டின சேலைதான்.

இரண்டாம் நாள் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். “மேடம், நீங்க அவங்களோட ரொம்ப காலம் பழகின ஆள். ஒரு வார்த்த சொல்லுங்க. டொக்டரம்மா எப்பிடி? கை கால் சுகமா? அந்தக் காருக்கு நல்ல பெலம் வேணும்.”

எங்கள் ஊரில் கலியாணம் குழப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பெரிய பொய் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ‘தங்கமான பிள்ளை, ஆனா’ என்று இழுத்துவிட்டு நிற்பாட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களை நாயிலும் கேவலமாகப் பேசியிருக்கிறேன் நான்.

“தங்கமான மனுசி, ஹாஜியார். ஆனா...” என்றேன்.

“ஆனா?”

“கை கொஞ்சம் நடுங்கிறது. வயசுதானே. அவவுக்கே தெரியாது. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

“நல்ல நேரத்துல சொன்னீங்க. அல்லாஹ் காப்பாத்தினான்” என்று வைத்துவிட்டார். எனக்கு அன்று இரவு நல்ல நித்திரை. இதில் நான் ஏன் பொய் சொல்லவேண்டும்.

ஹாஜியார் அவவிடம் மகன் மறிக்கிறான் என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்திருக்கிறார். அவ விடுகிற ஆளா? நேரே போய் நின்று கேட்டிருக்கிறா. மனுசன் வேறு வழி இல்லாமல், “டொக்டரம்மா, உங்கட கை...” என்றிருக்கிறார். என் பேரைச் சொல்லவில்லை. அவர் என்னிலும் பார்க்க நல்லவர்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தா. புறங்கையில் ஒரு கடதாசியை வைத்துப் பார்த்தா. “எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆனா அந்த மனுசன் நாற்பது நிமிசத்தில கண்டுபிடிச்சிட்டுது. நோயாளிக்குத் தன்ர நடுக்கம் தெரியாதுதான்” என்றா. நான் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை இலவசமாகப் பார்ப்பா. அதை நிற்பாட்டினா. “நடுங்கிற கையால பிள்ளையளுக்கு ஊசி போடக்கூடாது.” பிறகு சின்னக் காரையும் விற்றுவிட்டா. றோட்டுக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடிக்கத் தொடங்கினா. எங்கே போவதென்றாலும் என்னைக் கேட்டா. அவவை நான் முழுதாக எனக்கென்று வைத்திருந்த காலம் அது. ஒரு மாதம் நான் அதை அனுபவித்தேன். ஓட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து டவுனுக்குப் போவோம், வருவோம்.

ஒருநாள் றோட்டோரம் பப்பாப்பழம் வாங்க நின்றோம். வியாபாரி ஒரு பக்கம் அழுங்கிக் கறுத்த பழத்தை எடுத்து நீட்டினான். அவ காசைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் பைக்குள் வைத்தா. திருப்பியும் பார்க்கவில்லை. நான் அந்தப் பழத்தைப் பறித்து அவனுக்கு முன்னால் வைத்து, “உதை உன்ர வீட்டுக்குக் குடுப்பியோ?” என்று கத்தினேன். அவ என் கையைப் பிடித்து, “பரவாயில்லை, வாரும். எதெண்டாலும் சாப்பிடலாம்தானே” என்றா.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் வாசலிலேயே சொல்லிவிட்டேன். “டொக்டர், உங்கட கையில ஒண்டும் இல்லை. நான்தான் ஹாஜியாருக்குச் சொன்னது. பொறாமையில சொன்னது.”

அவ பையைக் கீழே வைத்தா. என் முகத்தைக் கனநேரம் பார்த்தா. ஏசுவா, அழுவா என்று காத்திருந்தேன்.

“கார் இன்னும் நிக்குதோ?” என்றா.

அவவுக்கு முன்னாலேயே போன் எடுத்தேன். ஹாஜியார் முழுக்கக் கேட்டுவிட்டு, “போன்ல சொன்னதப் போன்ல அழிக்க ஏலா, மேடம். ரெண்டு பேரும் வாங்க. என்ட முன்னுக்குச் சொல்லுங்க” என்றார்.

அடுத்த நாள் பஸ்ஸில் திகனவுக்குப் போனோம். ஒரே ஆசனம், நடுவில் அவவின் கைப்பை. ஹாஜியாருக்கும் பெண்சாதிக்கும் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கை நடுங்குவதென்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஹாஜியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரின் பெண்சாதிதான் கேட்டா, “ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“என்னை ஏத்தமாட்டன் எண்டு சொன்னவ.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன விசயம் என்று எனக்கே கேட்டது. அந்த மனுசி சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்தா. ஹாஜியார் உள்ளே போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்து, பிஸ்மி சொல்லி, அவவின் வலது கையில் வைத்தார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவு இல்லை.

பேப்பர் வேலை முடிய இன்னும் ஒரு கிழமை போனது. காரை எடுக்கிற அன்று அவ என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு தேத்தண்ணிக்கு வரவும் இல்லை. கோபம் என்று நான் நினைக்கவில்லை. கோபம் என்றால் ஒருநாள் ஆறும். அவ என்னைப் பார்த்தா, யோசித்தா, வேண்டாம் என்று வைத்துவிட்டா, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கிழக்குக் கரையில் எங்கேயோ கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்துப் போனதாகக் கேள்வி.

போன கிழமை மடவளைப் புரோக்கர் போன் எடுத்தார். எங்கள் வெள்ளைக் காரை விற்கிற யோசனை இருக்கா என்று கேட்க எடுத்தவர். இடையில், “ஆ, மேடம், டொக்டர் மேடத்த ஹபரணப் பக்கம் கண்டன். வயசு போன ஆள் மாதிரியா ஓட்டுறாங்க. கண்ணாடிய எறக்கிட்டு, கையக் காட்டிட்டுப் போறாங்க” என்றார்.

கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். “பக்கத்தில ஆரும் இருந்தவையோ?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்ல மேடம், தனியாத்தான். பக்கத்து சீட்டுல ஒரு பலாப்பழம் ஈந்திச்சு. உருளாம பெல்ட் போட்டு வச்சீந்தாங்க.”

எனக்கு ஒரு நிமிசம் நிம்மதியாக இருந்தது. ஒருவரையும் ஏற்றவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கினேன். கழுவக் கழுவ அந்தப் பலாப்பழம் பெல்ட் போட்டுக்கொண்டு காற்று வாங்கியபடி போகிறது.

“பலாப்பழத்தை ஏத்தலாம், என்னை ஏத்த ஏலாதோ?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

முன்னறையில் என் மனுசன் ரீவிச் சத்தத்தைக் குறைத்தார். “ஆரோட கதைக்கிறீர்?”

“ஒருத்தரோடையும் இல்லை,” என்றேன்.